கடைசியாக இறங்க ஓர் ஆள்

1

டிசம்பர் பிறந்தால் என் விசா முடியும். ஒவ்வொரு வருடமும் இதே கதைதான். ஷார்ஜாவில் நாங்கள் குடியிருக்கிற ரோலாவில், பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம், விசா மனு அடித்துக் கொடுக்கிற ஒரு டைப்பிங் சென்டர் இருக்கிறது. அங்கே பாஸ்போர்ட், புகைப்படம், இன்சூரன்ஸ் தாளோடு போய் உட்கார வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலையாளி என்னை நன்றாக அறிவார். இருந்தாலும் வருடா வருடம் அதே கேள்வியைக் கேட்பார்.

"சாரே, ஸ்பான்சர் எவிடெ?"

"வந்துட்டிருக்கா."

"கஃபீல் இல்லாம ஒண்ணும் நடக்கில்லா சாரே. உட்காருங்க."

முப்பது வருடத்துக்கு மேல் வளைகுடாவில் கம்பெனிகள் எனக்குக் கஃபீலாக, பொறுப்பேற்கிற ஸ்பான்சராக, இருந்தன. இப்போது என் மகள் ஷெரின்தான் எனக்குக் கஃபீல். அவள் வேலையும் அவள் வீட்டு வாடகைச் சீட்டும் இருப்பதால்தான் இந்த நாட்டில் நான் இருக்கிறேன். அவளுக்கு ஒன்று ஆனால் நான் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அதை நான் பெரிதாக நினைத்ததில்லை. போன ஜனவரியில்தான் முதல் முறையாக நினைத்தேன். அந்த வேளையில் அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்ததே என்று இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

இந்த டிசம்பரில் அவள் அலுவலகத்திலிருந்து நேராக வந்தாள். இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் நடக்கிறாள், உள்ளே உலோகத் தகடு இருக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"அப்பா, ஜனவரியில மறுபடி போறோம். அதே மலை."

அவள் போவாள் என்று எனக்குத் தெரியும்.

"மரியம் வர்றா. ஜெரோம்கிட்டயும் பேசிட்டேன். அவனும் வர்றான்."

"ஜெரோமா?"

"ஏன் ஷாக் ஆகுறீங்க? நீங்க கொண்டாந்த ஆளுதானே."

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். உறவு என்ன என்று கேட்டதற்கு ஷெரின்தான் பதில் சொன்னாள். நான் ஜெரோமைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றை விளக்க வேண்டும். பாலைவனத்தில் பனி ஏது?

துபாயில் ஒரு மாலுக்குள் பனிமலை கட்டி வைத்திருக்கிறார்கள். வெளியே தார் உருகும்போது உள்ளே கையுறை போட்டுக்கொண்டு நிற்கலாம். ஷெரின் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் சிநேகிதிகளோடு விளையாட்டாகப் போனாள். பிறகு அதுவே அவளுக்கு உலகமாகிவிட்டது. இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, குறுக்குவாக்கில் நின்று இறங்குகிற விளையாட்டு. ஸ்னோபோர்டிங் என்பார்கள். அதில் 'கார்விங்' என்று ஒரு வகை. பலகையின் ஓரத்தை மட்டும் பனியில் ஊன்றி, கொஞ்சமும் வழுக்காமல் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். நன்றாகச் செய்தால் பின்னால் ஒரு மெல்லிய கோடு மட்டும் கிடக்கும். நான் ஒரு தடவை கண்ணாடிக்கு வெளியே நின்று அவளைப் பார்த்தேன். உடம்பு தரையைத் தொடுகிற அளவு சாய்ந்து போனாள். அழகாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

மாலுக்குள் இருக்கிற சரிவு சீக்கிரமே அவளுக்குப் போதாமலாகிவிட்டது. இங்கே இருப்பவர்கள் பனி தேடி ஜார்ஜியாவுக்குப் போவார்கள், விமானத்தில் கொஞ்ச நேரம்தான். அங்கே எந்திரம் உருட்டிச் சமன் செய்த பாதைகள் உண்டு. பாதைக்கு வெளியே யாரும் தொடாத சரிவுகளும் உண்டு. அவளுக்கு அந்தத் தொடாத பனிதான் வேண்டும்.

"அவலாஞ்சுக்குத் தமிழ்ல என்னப்பா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பனிச்சரிவு."

"ஸ்லோப்புக்கு?"

"அதுவும் சரிவுதான்."

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா?" என்று சிரித்தாள். தோகாவில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் அவளுக்கு என்னோடு பேசுவதற்கான மொழி மட்டும்தான்.

பாதைக்கு வெளியே தனியாகப் போகக் கூடாது என்பது அந்த விளையாட்டின் முதல் விதி. அதனால் மாலில் பழகுகிறவர்களின் போன் குழுவில் ஓர் அறிவிப்பு போட்டாள். இங்கேயே இருக்கிற துணை வேண்டும். கார்விங் தெரிந்திருக்க வேண்டும். பனியில் புதைந்தவரைத் தேட உதவும் பீக்கன் கருவி சொந்தமாக வைத்திருக்க வேண்டும். மலைக்குப் போவதற்கு முன் பல வாரம் சேர்ந்து பயிற்சி எடுக்க வேண்டும். அதை எனக்கும் படித்துக் காட்டினாள். மணமகன் தேவை விளம்பரம் ஒன்றைக்கூட முழுதாகப் படிக்கவிடாத பெண் இதை வரிவரியாகப் படித்தாள்.

முதலில் வந்தவள் மரியம், இந்த நாட்டுப் பெண். பல வருடமாக மலைக்குப் போகிறவள். கறுப்பு அபாயா அங்கியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நான் வறுத்த நெத்திலியை மொறுமொறுவென்று தின்றாள். என்னை 'அம்மி' என்று கூப்பிட்டாள். அரபியில் சித்தப்பா. எங்கள் ஊரில் அது அரைக்கிற கல் என்று ஷெரின் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் அவள் போன பிறகு ஷெரினிடம் ஊர்ப் பேச்சில் கேட்டேன்: "நம்ம ஆளு ஒருத்தரும் இல்லியா மக்களே?"

3

வெளிநாட்டுக்கு வந்த நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நின்றால் தினமும் பார்க்கலாம். முதல் தடவை விமானம் ஏறுகிற தாயைக் கூட்டிக்கொண்டு மகன் வரிசை வரிசையாக முகம் பார்ப்பான். யாராவது தமிழ் பேசினால் போதும்.

"அண்ணாச்சி, எந்த ஊரு?"

"குளச்சல் பக்கம்."

"நமக்கு இந்தப் பக்கந்தான். அம்மைய கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

அவ்வளவுதான். பெயர்கூடக் கேட்க மாட்டான். பெற்ற தாயை அந்நியன் கையில் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகப் போவான். அந்த அந்நியனும் ஒப்புக்கொண்டதைச் செய்வான். நானே எத்தனையோ தாய்மார்களைத் தோகாவில் கைப்பிடித்து இறக்கிவிட்டிருக்கிறேன். இந்த வழக்கம் எங்களை வாழவைத்தது. அதனால் எந்தப் பயணத்துக்கும் அதுவே போதும் என்று நம்பிவிட்டேன்.

ஜெரோம் எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு வருகிற பையன். எங்கள் கடற்கரையேதான், எங்களுக்கு அடுத்த தேவாலயப் பங்கு. அபுதாபியில் நல்ல வேலை. குடிப்பதில்லை, கிட்டார் வாசிப்பான். கல்யாணம் ஆகவில்லை. இந்தக் கடைசி விஷயம்தான் என் மனதில் முதலாவதாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது கேட்டேன்.

"தம்பி, பனியில வழுக்கத் தெரியுமாலே?"

"மால்ல போயிருக்கேன் அங்கிள். தத்தித் தத்தி இறங்குவேன்."

"மலைக்கு?"

"மணாலியில ஸ்லெட்ஜ் வண்டியில உக்காந்திருக்கேன். ஒருத்தன் கயித்தக் கட்டி இழுத்தான்."

"அது போதும்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஷெரினிடம் வேறு மாதிரி சொன்னேன். ஜெரோம் இரண்டு குளிர்காலம் ஜார்ஜியா மலைக்குப் போனவன், பாதைக்கு வெளியேயும் இறங்கியவன், அடக்கமான பையன், தானாகச் சொல்லிக்கொள்ள மாட்டான். ஜெரோமிடம், "கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லு. அவ பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தன் இருந்தா எனக்கு ஒறக்கம் வரும்," என்றேன். அவன் தயங்கினான். நான் அவன் தோளில் கை வைத்தேன். வயதானவர் ஒருவர் தோளில் கை வைத்தால் எங்கள் பிள்ளைகளால் மறுக்க முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன்.

4

நான் என்ன வேலை பார்த்தவன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கத்தாரில் ராஸ் லஃபானில் எரிவாயு ஆலையில் பாதுகாப்புப் பொறியாளராக இருந்தேன். ஆலை நிற்கிற நாட்களில் பெரிய இரும்புக் கலன்களுக்குள் ஆட்கள் இறங்கிச் சுத்தம் செய்வார்கள். உள்ளே காற்று கெட்டால் சத்தமே இல்லாமல் சாவு வரும். அதனால் கலனின் வாசலில் ஒருவனை நிறுத்துவோம். அவனுக்கு வேறு வேலை கிடையாது. உள்ளே போனவனைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். மாற்று ஆள் வரும்வரை நகரக் கூடாது. அவன் யார், எந்த ஊர், எந்த மதம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பயிற்சி முடித்தானா, கருவியைக் கையாளத் தெரியுமா, பதறாமல் நிற்பானா, இவ்வளவுதான் கேட்பேன்.

ஒரு தடவை எங்கள் கடற்கரைக்காரன் ஒருவன் டீ வாங்க வாசலைவிட்டுப் போய்விட்டான். உள்ளே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவன் என் அறைக்கு வந்து, "அண்ணாச்சி, நம்ம ஊருக்காரன், இந்த ஒரு தடவை விட்டுருங்க," என்று அழுதான். நான் விடவில்லை. வேலை போய் அவன் ஊருக்குத் திரும்பினான். சரியாகச் செய்தேன் என்று அதைப் போன ஜனவரிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மனிதன் இதைப் படிப்பானா என்று தெரியாது. படித்தால், சொந்த மகளின் வாசலில் நான் யாரை நிறுத்தினேன் என்று அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

5

போன ஜனவரியில் நடந்தது இது. அதற்குள் ஜெரோம் ஒரு பீக்கன் வாங்கி, மால் சரிவில் விழாமல் இறங்குகிற அளவுக்குப் பழகியிருந்தான். மலையில் வழிகாட்டி ஒருவர் இருந்தார், ஜார்ஜியாக்காரர். சரிவில் இறங்குவதற்கு முன் யாருக்கு எவ்வளவு அனுபவம் என்று கேட்டிருக்கிறார். மரியமுக்குப் பல வருடம். ஷெரினுக்குக் கொஞ்சம். "இவனுக்கு இரண்டு சீசன்," என்று ஷெரின் ஜெரோமைக் காட்டியிருக்கிறாள். ஜெரோம் ஆமென்று தலையாட்டியிருக்கிறான்.

அங்கேயும் வாசல் ஆள் உண்டு. கடைசியாக இறங்குகிறவன்தான் அந்த ஆள். பனி சரிந்தால் முன்னால் போகிறவர்கள் எங்கே மறைந்தார்கள் என்று மேலிருந்து பார்க்கக்கூடியவன் அவன் ஒருவன்தான். கீழே இருப்பவர்கள் ஏறி வருவதற்குள் புதைந்தவருக்கு மூச்சு நின்றுவிடும். மேலே இருப்பவன் இறங்கி வந்துவிடலாம். ஷெரினுக்குப் பின்னால் மரியம் வருவதாகத்தான் முதலில் பேச்சு. இரண்டு சீசன் போனவன் ஒருவன் கிடைத்ததும் வழிகாட்டி மரியமைத் தன்னோடு முன்னால் அழைத்துக்கொண்டார். ஷெரின் நடுவில். ஜெரோம் கடைசி.

ஷெரின் பாதித் தூரம் இறங்கியபோது அவளுக்கு மேலே பனி விரிசல் விட்டது. அவள் பிறகு எனக்குச் சொன்னது: "சத்தமே இல்லப்பா. யாரோ கம்பளத்த இழுத்த மாதிரி இருந்தது."

அவளைப் பனி மூடியது. ஜெரோம் அங்கேயே மண்டியிட்டுவிட்டான்.

பீக்கன் என்பது நெஞ்சில் கட்டிக்கொள்கிற சோப்புப் பெட்டி அளவுக் கருவி. எப்போதும் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால் மற்ற எல்லோரும் தங்கள் கருவியைத் தேடுகிற நிலைக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் தேடுகிறவர்களுக்கு வெளியே நிற்பவனும் புதைந்தவனைப் போலவே தெரிவான். ஜெரோம் மாற்றவில்லை. போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற இடம் தேடி ஓரமாக நடந்திருக்கிறான். யாரைக் கூப்பிட என்று அவனுக்கே தெரியாது.

மரியம் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, இடுப்பளவு பனியில் கையும் காலுமாக ஏறி வந்தாள். அவள் கருவி முதலில் கண்டுபிடித்தது ஜெரோமைத்தான். அவனை அறைந்து, அவன் கருவியைப் பிடுங்கி அணைத்துவிட்டு மறுபடி தேடினாள். வழிகாட்டி வந்து சேர்ந்ததும் இருவரும் தோண்டினார்கள். ஷெரினின் முகம் நீலமாக இருந்தது என்று மரியம் ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள்.

இடது தோள் எலும்பு உடைந்து, உயிரோடு வந்தாள். இப்போது போர்வையை நெஞ்சுக்கு மேல் ஏற்றுவதில்லை. லிஃப்டில் கூட்டம் இருந்தால் படியில் ஏறுகிறாள். இருந்தும் ஜெரோமை அவள் வெறுக்கவில்லை.

"அனுபவம் உள்ளவங்களும் உறைஞ்சு போவாங்கப்பா. படிச்சேன். ஒரு தடவை விட்டவன் அடுத்த தடவை உயிரக் குடுத்து நிப்பான்."

அவளுடைய இந்தப் பெருந்தன்மை முழுவதும் என் பொய்யின் மேல் கட்டப்பட்டிருந்தது. வருடம் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. இனி மலை வேண்டாம் என்று அவளே சொல்லிவிடுவாள், பொய்யும் தானாகச் செத்துவிடும் என்று காத்திருந்தேன்.

டைப்பிங் சென்டரிலிருந்து வீடு திரும்பியதும் ஜெரோமை போனில் கூப்பிட்டேன்.

"ஏன்டே ஒத்துக்கிட்ட?"

"எல்லாரும் என்னைக் கோழைங்கிறாங்க அங்கிள். இந்தத் தடவை சரியா செஞ்சு காட்டுறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீங்க சொல்லிர மாட்டீங்கல்ல?"

6

பயிற்சிக்கு இங்கே பனி கிடையாது, மணல்தான் இருக்கிறது. ஷார்ஜாவைத் தாண்டி மலீஹா பக்கம் சிவந்த மணல்மேடுகளில் சனிக்கிழமை காலை வெயிலுக்கு முன் கூடுவார்கள். ஒரு பீக்கனைப் பைக்குள் வைத்து மணலில் புதைத்துவிட்டு, ஒருவர் தேட வேண்டும். அன்றைக்கு நானும் வருகிறேன் என்று ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு போனேன். சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் போனேன்.

புதைத்தவள் மரியம். மணலில் தடம் தெரியாமல் காலால் கலைத்துவிட்டு, ஜெரோமிடம் "யல்லா, ஸ்டார்ட்," என்றாள். போன வருடத்துக்குப் பிறகு அவனிடம் அவள் பேசியது அதிகமில்லை.

ஜெரோம் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றினான். குனிந்து வளைந்து வளைந்து போனான். நீளக் கம்பியை மணலில் குத்தினான், பை தட்டுப்பட்டது. சீக்கிரமாகவே எடுத்துவிட்டான். தனியாக எவ்வளவு பழகியிருப்பான் என்று தெரிந்தது. மரியம்கூடத் தலையசைத்தாள்.

"பாத்தீங்களாப்பா!" ஷெரின் கைதட்டினாள். "டேய் ஜெரோம், செம. ஜனவரியில மறுபடி நீதான்டா கடைசி ஆளு."

எனக்கு அங்கே ஒரு வழி திறந்தது. பையன் பழகிவிட்டான், தேறிவிட்டான், இனி எதற்குச் சொல்ல வேண்டும்? மணலில் ஒரு பை கிடைத்ததற்கே என் மனம் பழைய பொய்க்கு மறுபடி கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டது. அந்தக் கணம் எனக்கு என்னைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"மக்களே," என்றேன். "இவன் மலைக்குப் போனதே இல்ல."

ஜெரோம் கம்பியைக் கீழே வைத்தான். "அங்கிள்..."

"போன ஜனவரிதான் முத தடவ. ரெண்டு சீசன்னு நாந்தான் கதை கட்டினேன். ஆமான்னு சொல்லச் சொன்னதும் நாந்தான்."

"நானும் சொன்னேன்ல," என்றான் ஜெரோம் யாரையும் பார்க்காமல். "என் வாயால."

மரியம் என்னவென்று கேட்டாள். ஷெரின் அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள். நான் தமிழில் செய்ததை என் முன்னாலேயே இன்னொரு மொழியில் கேட்டுக்கொண்டு நின்றேன். மரியம் கையில் நான் ஊற்றிக் கொடுத்த டீ இருந்தது. அதைக் குடிக்காமல் மணலில் வைத்தாள், சிந்தாமல் பார்த்து வைத்தாள். 'அம்மி' என்று அவள் என்னைக் கூப்பிடவில்லை.

"ஏன்ப்பா?" என்றாள் ஷெரின்.

"நம்ம ஆளு ஒருத்தன் ஒன்கூட இருக்கட்டும்னு..."

"என்னைத் தோண்டி எடுத்தது யாருப்பா?"

அவள் கம்பியை எடுத்து மடித்தாள், கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பையில் போட்டாள். திரும்பி வரும் வழியில் ரோலாவில் ஜெரோம் அபுதாபி பஸ்ஸுக்காகக் காரிலிருந்து இறங்கும்போது, "போயிட்டு வாரேன் அங்கிள்," என்றான். அந்த நேரத்திலும் மரியாதை விடவில்லை. இப்போது அவன் ஜெபக் கூட்டத்துக்கு வருவதில்லை.

7

ஷெரின் என்னைத் திட்டவில்லை. சாப்பாடு, மருந்து, இன்சூரன்ஸ் அட்டை எதிலும் குறை வைக்கவில்லை. என் விசாவும் வந்துவிட்டது, இன்னொரு வருடத்துக்கு. போனில் அதன் படத்தை அனுப்பி, கீழே 'டன்' என்று மட்டும் எழுதியிருந்தாள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.

குழுவில் புதிதாக ஓர் அறிவிப்பு போட்டாள் என்று நினைக்கிறேன். சில நாள் போன் வந்துகொண்டே இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். யாரோ ஓர் ஆணின் குரல், ஒரு பெண்ணின் குரல், ஆங்கிலமும் அரபியும். எத்தனை வருடம் மலைக்குப் போனவர்கள், கருவியைக் கையாளத் தெரியுமா, பதறாமல் நிற்பார்களா என்று கேட்கத் தெரிந்த ஒரே ஆள் இந்த வீட்டில் நான்தான். கேட்கும் உரிமை இல்லாதவனும் நான்தான்.

கிளம்புகிற அன்று காலையில் பலகைப் பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கீழே மரியமின் கார் நின்றது. பின் இருக்கையில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள், மாடியிலிருந்து முகம் தெரியவில்லை. என் வாய்வரை வந்துவிட்டது, ஆயுள் முழுக்கக் கேட்ட கேள்வி: துணைக்கு யாரு? அவளும் அதற்காகவே நிற்பதுபோல் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

"பத்திரம் மக்களே," என்றேன்.

"சரிப்பா."

லிஃப்டுக்குப் போகவில்லை. படியில் இறங்கினாள். பலகை சுவரில் இடிக்கிற சத்தம் ஒவ்வொரு மாடியாகக் கீழே போயிற்று.

அது முந்தாநாள். இன்று காலையிலிருந்து அவள் போன் அணைந்திருக்கிறது. மலையில் அணைத்துத்தான் வைப்பாள், அது பீக்கனுக்கு இடைஞ்சல் என்று முன்பு சொல்லியிருக்கிறாள். அந்த ஊர் வானிலையைப் பார்த்தேன். இரண்டு நாளாகப் புதுப்பனி விழுந்துகொண்டிருக்கிறது, காற்றும் இருக்கிறது. புதுப்பனியும் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

கீழே ரோலாவில் பஸ்கள் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகின்றன. நான் பால்கனியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்நேரம் அவள் சரிவின் உச்சியில் நிற்பாள். அவளுக்குப் பின்னால் கடைசியாக இறங்கப்போவது யார் என்று எனக்குத் தெரியாது.